எண்ணாயிரம் சுழற்சியின் நாதம்

யந்திரத்தின் ஓசையைக் கேட்டே அதன் நோயைச் சொல்லிவிடக்கூடிய கைகாரருக்கு வன்னியில் என்றும் பஞ்சம் இருந்ததில்லை. பெற்றோல் வரவு தடைப்பட்டிருந்த போர்க்காலத்து ஆண்டுகளில், சில துளி பெற்றோலைக் கொண்டு உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயைப் பருகவிட்டு, மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் ஓடவைத்த சாமர்த்தியசாலிகள் அவர்கள். அமுக்கம் மிகுந்த சிலிண்டருக்குள் மண்ணெண்ணெய், சுவாலை சென்றடையுமுன்பே தானாக வெடித்து யந்திரத்தைத் தாக்கும் சுபாவமுடையதாதலால், அமுக்க விகிதம் தாழ்ந்த அந்தப் பழைய வண்டிகளே அதனைச் சகித்துக்கொண்டு, கரும்புகை கக்கியபடி மெல்ல மெல்ல ஊர்ந்து, நோயாளரையும் நெல் மூட்டைகளையும் சுமந்தன. அவற்றை நான் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால், அந்த ஓசையிலே வளர்ந்த செவிக்கு, அதற்கு நேர் எதிரான துருவத்தில் நிற்கும் ஒரு யந்திரத்தின் நாதம் எத்தகைய ஆனந்தத்தைத் தரும் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

ஹொண்டா நிறுவனம் 1995ஆம் ஆண்டு யப்பானில் வெளியிட்ட இன்டெக்ரா ரைப் ஆர் என்னும் கூபே வகைக் காரையே குறிப்பிடுகிறேன். காற்றை அமுக்கித் திணிக்கும் ரேர்போ முதலிய உபகரணம் எதுவுமின்றி, 1,797 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 11.1:1 என்ற அமுக்க விகிதமும் கொண்ட நான்கு சிலிண்டர் யந்திரத்திலிருந்து அது 200 குதிரைவலுவைப் பெற்றது. ஆயின் அந்தச் சக்தி முழுவதும் நிமிடத்துக்கு 8,000 சுழற்சியை எட்டிய பின்னரே வெளிப்படும். அப்போது சுழல்தண்டு ஒரு விநாடிக்கு 133 தடவை சுற்ற, ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 66 தடவைக்கு மேல் திறந்து மூட, பிஸ்டன்கள் 87.2 மில்லிமீற்றர் தூரத்தை ஏறியும் இறங்கியும் சராசரியாக விநாடிக்கு 23 மீற்றர் வேகத்தில் விரைகின்றன. அதற்கு மேலும் 400 சுழற்சி ஏறிய பின்னரே மானியில் சிவப்புக் கோடு ஆரம்பமாகிறது.

இத்தகைய விரைவுக்கு ஒரு பெரிய இடையூறு உண்டு. மந்த கதியில் இதமாக ஓடுவதற்கு வால்வு சிறிதளவு, சிறிது நேரம் திறந்தால் போதும். அதிவேகத்திலோ காற்று உட்புகுவதற்கு அவகாசமே இராதாகையால், அது அகலமாகவும் நெடுநேரமும் திறக்க வேண்டும். ஆகவே பொறியியலாளர் நெடுங்காலம் இரண்டில் ஒன்றைத் தியாகம் செய்தே வந்தனர். ஹொண்டாவின் இக்குவோ கஜித்தானி என்பவர், வால்வைத் திறக்கும் தண்டிலே இருவித வடிவமுள்ள முகடுகளை அமைத்து, உரிய வேகத்தில் எண்ணெயின் அமுக்கமே ஒரு சிறு ஊசியைத் தள்ளி, தாழ்ந்த முகட்டிலிருந்து உயர்ந்த முகட்டுக்கு வேலையை மாற்றும்படி செய்தார். 1.6 லீற்றர் யந்திரத்துக்கு 140 குதிரைவலு போதுமென்று அவர் எண்ணியிருக்க, 1960களில் பந்தய யந்திரங்களை ஆக்கிய அனுபவமுடைய நொபுஹிக்கோ கவமோத்தோ, லீற்றருக்கு 100 குதிரைவலுவை இலக்காகக் கொள்ளலாகாதா என்று தூண்டினார் என்பது வரலாறு. வீ-ரெக் எனப் பெயர் பெற்ற அந்த உபாயம் 1989இல் இன்டெக்ராவிலேயே முதன்முதலாக இடம்பெற்று, 160 குதிரைவலுவை ஈட்டியது.

ரைப் ஆரில் காற்று செல்லும் வழிகளைத் தொழிலாளர் கையாலேயே தேய்த்து மெருகிட்டனர். முன்கண்ணாடியின் கனத்தைக்கூடக் குறைத்தனர். அதன் வெண்ணிறம், 1965இல் மெக்சிக்கோவில் ஹொண்டாவுக்கு முதலாவது போர்மியுலா வன் வெற்றியைத் தேடித்தந்த காரை நினைவூட்டுவது.

எனக்கு இவற்றிலெல்லாம் மேலானது, 5,500க்கும் 6,000க்கும் இடையில் நிகழும் அந்த மாற்றம். அதுவரை அடக்கமாக முழங்கிக்கொண்டிருந்த யந்திரம், கோயில் வீதியில் ஆலாபனை செய்யும் நாதஸ்வர வித்துவான் மேல் ஸ்தாயிக்குத் தாவுவதுபோல், திடீரெனத் தன் குரலை மாற்றிக்கொண்டு மேலே மேலே ஏறுகிறது. காலை எடுத்துவிட்டாலோ மறுகணமே பழைய சாந்தத்துக்குத் திரும்பிவிடுகிறது. கேட்டவருக்கே கொடுக்கும் சக்தி அது. அதனைக் கேட்டுப் பெறுவதற்குக் கியரும் கிளச்சும் அறிந்த கை வேண்டும்.

வவுனியாவிலிருந்து பூவரசங்குளம் வழியாக மன்னார்த் திசையில் செல்லும் ஏ-30 வீதியில் இதற்கு இடமேது என்று கேட்கலாம். ஊர்ப்புறத்துக்கு வெளியே கார்களுக்குச் சட்டம் அனுமதிப்பது மணிக்கு 70 கிலோமீற்றரே. மாடுகள் குறுக்கிடும் வீதியில் அதுவும் சில வேளை அதிகந்தான். ஆனால் இந்தக் காரின் முதற்கியர் சிவப்புக் கோட்டைத் தொடும்போது வேகம் ஏறக்குறைய 65 கிலோமீற்றரே ஆதலால், சட்டத்தை மீறாமலே, தாழ்ந்த குரலிலிருந்து உச்சம் வரை அதன் சங்கீதம் முழுவதையும் ஒருவர் அனுபவித்துவிடலாம். இன்றைய 500, 600 குதிரைவலுக் கார்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. அவற்றின் பெருமையில் பாதியைக்கூட நம் வீதிகளில் காண இயலாது.

பராமரிப்பில் மட்டும் சோம்பல் ஆகாது. நீரின் சூடு போதிய அளவு ஏறும்வரை உயர்ந்த முகட்டைச் சேரவிடாமல் யந்திரமே தன்னைக் காத்துக்கொள்ளும். ஆனால் எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுவது உடையவரின் கடமை. வால்வுத் தண்டைச் சுழற்றும் ரைமிங் பெல்ற் அறுந்தால் பிஸ்டன்கள் வால்வுகளில் மோதி யாவும் நாசமாகும். ஆதலால் பழைய வண்டியொன்றை வாங்க விழைபவர், வர்ணத்தின் மினுக்கத்தில் மயங்கிவிடாமல், அந்தப் பெல்ற்றைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதை முதலில் விசாரிப்பது உத்தமம்.