டப்பாவின் பின்பக்கம் - 6: சிப்பி ஓட்டுக் கணக்கு

வைட்டமினில் கலோரி கிடையாது. சோற்றிலும் மீனிலும் இருக்கும் சக்தியை உடம்பு பிரித்தெடுக்கும்போது கூடமாட நிற்கும் எடுபிடிதான் அது என்று சென்ற வாரம் பார்த்தோம். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளட்டும். இந்த வாரம் இரும்புச்சத்து என்று சொல்லியிருந்தேன். ஆனால் தூத்துக்குடியில் வாங்கிய 'தெம்பு' மாத்திரை டப்பாவில், இரும்புக்கு மேல் வரியில், 'கால்சியம் கார்பனேட், சிப்பி ஓட்டிலிருந்து' என்று அச்சாகியிருக்கிறது. முத்துக்குளித்துறையில் உட்கார்ந்துகொண்டு இந்த வரியைத் தாண்டிப் போக எப்படி மனசு வரும்?

சிப்பி ஓடு, சங்கு, முத்து மூன்றுமே பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்தான். கழுத்தில் தொங்கினால் முத்து, சித்த வைத்தியரிடம் போனால் முத்துப் பற்பம், மாத்திரையில் அடைத்தால் கால்சியம். கோக்க முடியாத பொடி முத்துகளைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வெற்றிலையில் தடவிப் போட்டுக்கொண்ட செல்வந்தர்கள் அந்தக் காலத்தில் உண்டு. கிளிஞ்சல் சுண்ணாம்பு தடவிய கூலிக்காரருக்கும் அவர்களுக்கும் வயிற்றுக்குள் போனது ஒரே சரக்கு!

கொற்கைப் பாண்டியர் காலத்திலிருந்து இந்தக் கடலில் மூச்சடக்கி மூழ்கி சிப்பி எடுத்தார்கள். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. (1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே.அழகர்சாமி இதே கரையில் சிப்பிக்குள் கரு வைத்து முத்து விளைய வைத்தார். அது தனிக்கதை, ஆசிரியர் இடம் தரமாட்டார்.) முத்துக்குளிப்பு நடந்த நாட்களில் கரைக்கு வந்த சிப்பிகளை வேலியடைத்த இடத்தில் குவித்து அழுக விடுவார்கள். ஈ மொய்த்து, புழு வைத்து, சதை கரைந்த பிறகு அலசி முத்தைப் பொறுக்குவார்கள். லட்சக்கணக்கான சிப்பிகளின் சதை இப்படித்தான் போனது.

இதைச் சொல்லக் காரணம் வைட்டமின் பி12. அதைச் செடியும் செய்யாது, மீனும் செய்யாது. நுண்ணுயிர்கள் மட்டுமே செய்யும். கடல்நீரை வடிகட்டித் தின்னும் சிப்பி இனங்களின் சதையில் அது ஏராளமாகச் சேர்கிறது. உணவுகளிலேயே பி12 மிகுந்த வரிசையில் அவற்றுக்கு முன்னிடம். டப்பாக்காரர் இன்று எதைப் பெரிய எழுத்தில் போட்டு விற்கிறாரோ, அதைப் புழுவுக்கு விட்டுவிட்டுத்தான் இந்தக் கரை முத்தைப் பொறுக்கியது.

இனி கணக்கு. 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டில் கால்சியம் 500 மில்லிகிராம்தான். மீதி கார்பனேட்டின் எடை. ஃபெரஸ் ஃப்யூமரேட் 100 மில்லிகிராம் என்றால் இரும்பு சுமார் 33. சில லேபிள்கள் உப்பின் எடையைப் போடும், சில தனிமத்தின் எடையைப் போடும். இரண்டு டப்பாவை ஒப்பிடும் முன் எது எதுவென்று பாருங்கள். போதாக்குறைக்கு, கால்சியத்தையும் இரும்பையும் சேர்த்து விழுங்கினால் கால்சியம் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். இரண்டையும் ஒரே மாத்திரையில் அடைப்பது தயாரிப்பாளருக்கு வசதி, நமக்கு நஷ்டம்.

பி12 வரியில் 1500 மைக்ரோகிராம் என்று இருந்தது. ஒரு நாளைக்கு உடம்பு கேட்பது இரண்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதத்தின் துணையோடு ஒரு வேளைக்கு ஏறக்குறைய இரண்டு மைக்ரோகிராம் உள்ளே போகும். மீதியில் நூற்றுக்கு ஒன்று தானாகக் கசிந்து சேரும். சுத்த சைவர்களுக்கும், வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இந்தப் பெரிய அளவால் பயன் உண்டு. ஆனால் கடையில் எனக்கு முன்னால் நின்றவர் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர். "அண்ணாச்சி, ஒடம்பு ஒரே அசதியா இருக்கு, தெம்புக்கு ஏதாச்சும் குடுங்க" என்றார். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததும் இதே டப்பாதான். வாரத்தில் பாதி நாள் சாளைக் குழம்பு சாப்பிடுகிறவருக்குப் பெரும்பாலும் பி12 குறையாது. வெயிலில் வேர்த்துக் கொட்டியதற்கும், இரவு ஷிப்டில் போன தூக்கத்துக்கும் அந்த டப்பாவில் ஒன்றும் இல்லை. 'மருந்தாகப் பயன்படுத்த அல்ல' என்று அதிலேயே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அசதி வாரக்கணக்கில் நீடித்தால் முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகுதான் டப்பா.

இரும்பு அடுத்த வாரத்துக்குப் போகிறது, இடமிருந்தால் காஃபீனும். அதற்குள் ஒன்று: உங்கள் டப்பாவில் பயோட்டின் என்ற வைட்டமின் இருந்தால், தைராய்டு பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அதிக அளவு பயோட்டின் சில பரிசோதனை முடிவுகளைத் தப்பாகக் காட்டும்.