கூடு காக்கும் பறவைகளின் சீற்றம்

காக்கை தலையில் கொத்தினால் சனி பிடித்துவிட்டது என்று கலங்குவோர் நம் தோட்டங்களில் இன்றும் உண்டு. சனீஸ்வரனுக்கு எள் விளக்கு ஏற்றுவதை நாம் தடுக்கவில்லை. ஆனால், கொத்து வாங்கிய இடத்தில் சற்று அண்ணாந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் மரத்தில் ஒரு கூடு இருக்கும். அல்லது வேலியோரத்தில் பறக்கத் தெரியாத குஞ்சு ஒன்று விழுந்து கிடக்கும்.

செர்டாங் போன்ற நம் ஊர்களில் காணும் சாம்பல் கழுத்துக் காக்கை இம்மண்ணுக்குரியதன்று. காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்பதற்காக 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. நம் முன்னோரைப் போலத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய பறவை என்றே சொல்லலாம்! காப்பி போயிற்று, ரப்பரும் செம்பனையும் வந்தன, காக்கை தங்கிவிட்டது.

முட்டை பொரிய 16, 17 நாள் ஆகும். குஞ்சு கூட்டைவிட்டுப் பறக்க மேலும் மூன்று நான்கு வாரம். இந்தக் கடைசி நாள்களில்தான் தாய் தந்தையின் சினம் மிகும். முட்டை போனால் மீண்டும் இடலாம். வளர்ந்த குஞ்சு போனால் அத்தனை நாள் இரை தேடிய உழைப்பும் போயிற்று. முதலில் கரையும், பிறகு தாழப் பறந்து மிரட்டும், அதற்கும் விலகாதவரைப் பின்புறமிருந்து தாக்கும். நேருக்கு நேர் வர அதற்கும் அச்சமுண்டு. ஆஸ்திரேலியாவில் மாக்பை என்னும் பறவைக்கு அஞ்சுவோர் தொப்பியின் பின்புறம் கண் வரைந்துகொள்வது இதனால்தான். இத்தனை பாடுபட்டுக் காக்கும் குஞ்சு சில வேளை குயிலினுடையதாகவும் இருக்கும். அது வேறு கதை.

காக்கை ஆளையும் மறவாது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் ஒரு முகமூடி அணிந்து சில காக்கைகளைப் பிடித்துவிட்டனர். ஆண்டுகள் பல சென்றபின்னும் அம்முகமூடியை எவர் அணிந்து வந்தாலும் காக்கைகள் கூடிக் கூச்சலிட்டன. அது வேறு இனக் காக்கைதான். ஆனாலும் உண்டிவில்லும் கையுமாகத் திரியும் பிள்ளைகள் கேட்டுவைக்க வேண்டிய செய்தி.

ஆட்காட்டிக் குருவியோ வெட்டவெளியில் தரையிலேயே முட்டையிடும். கத்திக்கொண்டு நம்மீது பாய்வதுபோல் வரும், பெரும்பாலும் தொடாது.

பள்ளி வாசல் மரத்தில் காக்கை கூடு கட்டினால் என்ன செய்வது? சுள்ளி சேர்க்கும்போதே கலைத்துவிடலாம். குஞ்சு பொரித்தபின் கம்பெடுத்தால், அடி வாங்குவது மறுநாள் அவ்வழியே வரும் முதலாம் ஆண்டுக் குழந்தை. கண்ணில் பட்டால் விபரீதம். அப்போது மூன்று நான்கு வாரம் வேறு வழியைத் திறந்துவிட வேண்டும். அவ்வழியாகத்தான் போக வேண்டுமென்றால் குடை பிடித்துச் செல்லலாம். விழுந்த குஞ்சை மட்டும் எவரும் கையில் எடுக்கக் கூடாது.