தலைக்கவசம் அணிந்த பந்துக் காப்பாளர்

சனி, ஞாயிறு என்றால் எம்மில் பலருக்குக் காலை எட்டு மணிக்கே வேலை தொடங்கிவிடுகிறது. பிள்ளையை உதைபந்தாட்ட மைதானத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கொட்டும் மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்க வேண்டும். சென்ற பருவத்தில் அப்படி நின்ற ஒரு நாள், பந்தைப் பிடிக்கப் பாய்ந்த பன்னிரண்டு வயதுப் பந்துக் காப்பாளன் ஒருவனின் தலையில் எதிரணிப் பையனின் முழங்கால் பட்டுவிட்டது. சில விநாடிகள் அப்படியே கிடந்தான். பிறகு எழுந்தான். நாம் எல்லோரும் கை தட்டினோம். "கெட்டிக்காரன், ஒன்றுமில்லை, விளையாடு" என்று சத்தமும் போட்டோம். ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் காருக்குள் இரண்டு தடவை சத்தி எடுத்தானாம். எத்தனை கோல் அடித்தார்கள் என்று கேட்டால் தெரியவில்லையாம்.

நல்ல காலம், வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்ப் பார்த்ததில் பாரதூரமாக ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் அன்று நாம் தட்டிய கை இன்னும் எம்மை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆகவே இம்முறை கொலஸ்ரோல், சலரோகம் எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒரு பந்துக் காப்பாளரின் கதையைச் சொல்லலாம் என்று நினைக்கிறோம்.

பீற்றர் செக் 1982இல் செக் நாட்டின் பிள்சன் நகரில், ஒரே சூலில் உருவான மூன்று பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது அவர் கோல் அடிக்கும் முன்வரிசை ஆட்டக்காரர். பத்து வயதளவில் கால் முறிந்தது. அதன் பிறகுதான் கோல் கம்பங்களுக்கு நடுவே போய் நின்றார். சொந்த நாட்டிலும் பிரான்சின் ரென் கழகத்திலும் விளையாடிவிட்டு 2004இல் லண்டன் செல்சி கழகத்துக்கு வந்தார். முதல் பருவத்திலேயே 24 லீக் ஆட்டங்களில் ஒரு கோலும் விடவில்லை. 38 ஆட்டங்களில் செல்சி வாங்கிய கோல்கள் மொத்தம் பதினைந்துதான். எங்கள் வீடுகளில் செல்சி ஆதரவாளர்கள் திடீரென்று பெருகியதும் அந்த ஆண்டுதான் என்பது எமது நினைவு. அதற்கு முன் எல்லோரும் மன்செஸ்டர் யுனைட்டட்டோ லிவர்பூலோதான்.

2006 ஒக்டோபர் 14ஆம் திகதி ரெடிங் நகரில் ஆட்டம். தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தாழ்வாக வந்த பந்தைப் பிடிக்கச் செக் விழுந்தார். ஓடிவந்த எதிரணி வீரரின் முழங்கால் அவருடைய தலையில் மோதியது. மண்டை ஓட்டின் ஒரு பகுதி உடைந்து உட்பக்கம் அமுங்கிவிட்டது. ஒக்ஸ்போர்டில் சத்திர சிகிச்சை செய்து, உலோகத் தகடுகள் வைத்து அதைச் சீராக்கினார்கள். உயிர் தப்பியதே பெரிய காரியம். அந்த மோதல் தமக்கு நினைவே இல்லை என்று அவர் பின்னர் சொன்னார். அதே ஆட்டத்தில் அவருக்குப் பதிலாக இறங்கிய குடிச்சினியும் தலையில் அடிபட்டு நினைவிழந்தார். கடைசியில் தற்காப்பு வீரர் ஜோன் ரெறிதான் கையுறை மாட்டிக்கொண்டு கோலுக்குள் நின்றார். இதன் பிறகுதான், வீரர்களுக்கென்றே தனியாக ஓர் அம்புலன்ஸ் மைதானத்தில் நிற்க வேண்டும் என்ற விதி பிரீமியர் லீக்கில் வந்தது.

மூன்று மாதங்கள் கழித்து, 2007 ஜனவரி 20ஆம் திகதி, லிவர்பூலுக்கு எதிராகச் செக் மீண்டும் களமிறங்கினார். தலையில் ரக்பி வீரர்கள் அணிவது போன்ற மெத்தை வைத்த கறுப்புக் கவசம். அதன் பிறகு 2019இல் ஓய்வு பெறும் வரை அதைக் கழற்றாமலே விளையாடினார். ஒரே சூலில் மூவராக வளர்ந்ததால் தமது மண்டை ஓடு மற்றவர்களுடையதைவிட மெல்லியது என்றும் சொல்லியிருக்கிறார். அந்தக் கவசத்தோடுதான் 2012இல் மியூனிக்கில் நடந்த சம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் நின்றார். அன்று அவரை நோக்கி அடிக்கப்பட்ட ஆறு பெனல்டிகளிலும் பந்து வந்த பக்கமே பாய்ந்தார். 2015இல் ஆர்சனலுக்கு மாறினார். ஓய்வு பெறும்போது பிரீமியர் லீக்கில் 443 ஆட்டங்கள், அவற்றில் 202 ஆட்டங்களில் கோல் விடவில்லை என்ற சாதனை அவர் கையில் இருந்தது.

இதைக் கேட்டதும் "அப்படியானால் பிள்ளைக்கும் ஒரு கவசம் வாங்கிக் கொடுத்துவிடலாமே" என்று கேட்பீர்கள். எம்மிடமும் சிலர் கேட்டார்கள். வாங்கலாம், தவறில்லை. ஆனால் அது எதைக் காக்கும், எதைக் காக்காது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ஒரு சட்டியில் கட்டித் தயிர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டியைச் சுற்றி நல்ல தடிப்பான துணி கட்டினால், கீழே விழுந்தாலும் சட்டி வெடிக்காமல் தப்பலாம். உள்ளே இருக்கும் தயிர் குலுங்காமல் இருக்குமா? மூளையும் அப்படித்தான். மண்டை ஓட்டுக்குள் திரவத்தின் நடுவே இருக்கிறது. தலை சடுதியாக ஆடும்போது மூளையும் உள்ளே ஆடுகிறது. இதைத்தான் கொன்கஷன், மூளை அதிர்ச்சி என்கிறார்கள். கவசம் வெடிப்பையும் காயத்தையும் குறைக்கும். இந்த அதிர்ச்சியைத் தடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது. செக்குக்கு ஏற்கனவே உடைந்த மண்டை ஓடு, அதனால் கவசம் தேவைப்பட்டது. எமது பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வருவது அந்த மற்றது.

அது வெளியே தெரியாது என்பதுதான் அதில் உள்ள சிக்கல். நினைவிழந்தால்தான் மூளை அதிர்ச்சி என்று பலர் நினைக்கிறோம். பத்துப் பேரில் ஒருவர் அளவுக்குத்தான் நினைவிழப்பார்கள். எக்ஸ்றேயிலும் ஸ்கானிலும்கூட ஒன்றும் காட்டாமல் இருக்கலாம். 2018 மே மாதம் கியெவ் நகரில் நடந்த சம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் லிவர்பூலின் பந்துக் காப்பாளர் கரியஸ், எதிரணி வீரர் ராமோஸின் முழங்கை தலையில் பட்ட சில நிமிடங்களில் நம்பவே முடியாத ஒரு கோலை விட்டார். பின்னர் இன்னொன்றை. உலகமே அவரைத் திட்டித் தீர்த்தது. சில நாட்களின் பின் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் பொது வைத்தியசாலையில் பரிசோதித்த வைத்தியர்கள், ஆட்டத்தின்போது அவருக்கு மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருக்க வேண்டும், இடத்தையும் தூரத்தையும் பார்த்துக் கணிக்கும் திறன் அதனால் குறைந்திருக்கலாம் என்றார்கள். அவரைப் பார்த்து நாமும் வீட்டுக் கதிரையில் இருந்தபடி சிரித்தவர்கள்தான்.

காயத்தோடு விளையாடுவதை வீரம் என்று பாராட்டும் பழக்கம் இந்த நாட்டிலும் பழையதுதான். 1956 எஃப்.ஏ. கிண்ண இறுதி ஆட்டத்தில் மன்செஸ்டர் சிற்றியின் ட்ரவுட்மன், சுமார் 17 நிமிடங்கள் இருக்கையில் மோதி விழுந்தார். அக்காலத்தில் மாற்று வீரர் கிடையாது. கழுத்தைப் பிடித்துக்கொண்டே கடைசிவரை நின்று வென்றார். கழுத்தெலும்பு முறிந்திருந்தது சில நாட்கள் கழித்து எக்ஸ்றே எடுத்தபோதுதான் தெரிந்தது. அவர் தப்பிவிட்டார். 1931இல் கிளாஸ்கோவில் செல்ற்றிக் கழகத்தின் இளம் பந்துக் காப்பாளர் ஜோன் தொம்சன் தப்பவில்லை. எதிரணி வீரரின் காலடியில் பாய்ந்தபோது மண்டை உடைந்து அன்றிரவே இறந்தார். வயது 22.

பயப்படுத்துவதற்காக இதை எழுதவில்லை. கிளாஸ்கோ ஆய்வாளர்கள் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்களை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட முடிவுகளின்படி, முதுமையில் மறதி நோய் போன்றவை வரும் அபாயம் தற்காப்பு வீரர்களுக்குத்தான் மிக அதிகம். பந்துக் காப்பாளர்களுக்கு அது பொதுமக்களின் அளவிலேயே இருந்தது. ஆண்டுக் கணக்காகப் பந்தைத் தலையால் அடிப்பதே காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். இங்கிலாந்தில் சிறுவர் ஆட்டங்களில் தலையால் அடிப்பதை 2024-25 பருவத்திலிருந்து படிப்படியாக நீக்கி வருவதும் இதனால்தான். எனவே மகன் கோலுக்குள் நிற்கிறான் என்று கவலைப்படும் அம்மாமார் கொஞ்சம் ஆறுதல் கொள்ளலாம். ஒரே மோதலில் வரும் காயம்தான் அவனுக்கு எதிரி.

அடிபட்டால் என்ன செய்வது? பிரித்தானியாவில் 2023இல் எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவாக வழிகாட்டி ஒன்று வந்தது. அதன் சாரம், சந்தேகம் இருந்தாலே வெளியே எடுங்கள் என்பது. பிள்ளை "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லும். அதைக் கேட்க வேண்டாம். கோச் என்ன சொன்னாலும் அன்று மீண்டும் விளையாட விடக்கூடாது. முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால், அரிதாகத்தான் என்றாலும், உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் 24 மணித்தியாலம் தனியே விட வேண்டாம். முதல் இரண்டு நாட்கள் ஃபோனும் கேம்ஸும் குறைவாக இருக்கட்டும். தலையிடிக்குப் பனடோல் கொடுக்கலாம், ஐபுபுரொபன் வேண்டாம். போட்டிக்குத் திரும்புவது ஆகக் குறைந்தது 21 நாட்களுக்குப் பிறகு.

தலையில் அடிபட்ட பிள்ளையை நித்திரை கொள்ள விடக்கூடாது என்று அம்மம்மாமார் விடியவிடிய விழிக்க வைப்பதுண்டு. நித்திரை கொள்ளலாம், மூளைக்கு ஓய்வு நல்லது. ஆனால் எழுப்பினால் எழும்பாத மயக்கம், திரும்பத் திரும்பச் சத்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, வலிப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை இரட்டையாகத் தெரிதல், கழுத்து நோ, காதாலோ மூக்காலோ தெளிந்த நீர் வடிதல், இவற்றில் ஒன்று கண்டாலும் தாமதிக்காமல் 999ஐ அழையுங்கள்.

மற்றப்படி 24 மணித்தியாலத்துக்குள் 111ஐ அழைத்துக் கேட்கலாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சிரமம் என்றால், "தமிழ்" என்று மொழியின் பெயரை மட்டும் சொன்னாலே போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் எடுத்துத் தருவார்கள். இரண்டு இலக்கங்களையும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்.