சும்மா இருக்கும் கேமில் ஏன் இத்தனை எரிச்சல்?

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் டிரைலர்கள் சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டைப் பார்த்து வரிசையில் நிற்கும் நாட்களில், ஓட்டுநருக்கு வேலை ஒன்றுதான்: முன்னால் நிற்கும் வண்டி நகர்ந்தால் தானும் நகர வேண்டும். கையில் போன் இருக்கிறது. ஆனால் கண்ணை எடுக்காமல் ஆட வேண்டிய சண்டை கேம் இங்கே சரிப்படாது. இப்படிப்பட்ட நேரத்துக்கு ஏற்றது ‘ஐடில் கேம்’. திரையில் ஒரு சுரங்கமோ தொழிற்சாலையோ இருக்கும். முதலில் விரலால் தட்டித் தட்டிக் காசு சேர்க்க வேண்டும். அந்தக் காசில் ஆள் வைத்துவிட்டால், கேமை மூடிய பிறகும் வருமானம் ஏறிக்கொண்டே இருக்கும்.

சும்மா இருந்தாலே முன்னேறலாம் என்கிற கேமை ஆடுகிறவர்கள்தான் “நகரவே மாட்டேங்குது” என்று அதிகம் சலித்துக்கொள்கிறார்கள். அதிலும் முழுதாக முடியாமல் ‘எர்லி ஆக்சஸ்’ என்ற பெயரில் வெளியாகும் கேம்கள் என்றால் கேட்கவே வேண்டாம். அந்த மந்தம் பிழையா, திட்டமா?

பெரும்பாலும் திட்டம். 2013-ல் பிரெஞ்சுக்காரர் ஜூலியன் தியனோ வெளியிட்ட ‘குக்கி கிளிக்கர்’ இதன் கணக்கை ஒளிவுமறைவில்லாமல் காட்டுகிறது. அதில் பிஸ்கட் சுட ஒரு பாட்டியை வைக்கலாம். முதல் பாட்டியின் விலை 100 பிஸ்கட். அவர் வினாடிக்கு 1 பிஸ்கட் சுடுவார். 100 வினாடியில் போட்ட முதல் கைக்கு வந்துவிடும். ஆனால் அடுத்தடுத்த பாட்டியின் விலை முந்தையதைவிட 15 சதவீதம் அதிகம். இது வட்டிக்கு வட்டி ஏறும் கணக்கு. 51-வது பாட்டியின் விலை 1,08,366 பிஸ்கட். அவரும் அதே வினாடிக்கு ஒன்றுதான் சுடுவார். போட்டதை எடுக்க 30 மணி நேரம் ஆகும்! இடையில் வேகத்தைக் கூட்டும் மேம்பாடுகள் வரும், கொஞ்ச தூரம் ஓடும், மறுபடி முட்டுச்சுவர். கடைசியில், சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தால் நிரந்தர போனஸ் தருகிறேன் என்று கேமே ஆசை காட்டும்.

இந்த வகையே பாதி கிண்டலில் பிறந்தது. 2002-ல் வந்த ‘ப்ராக்ரெஸ் குவெஸ்ட்’ ஆடுகிறவரை ஆடவே விடாது, வேடிக்கைதான் பார்க்கலாம். 2010-ல் பேராசிரியர் இயன் போகோஸ்ட், ‘ஃபார்ம்வில்’ என்ற விவசாய கேமின் மோகத்தைக் கேலி செய்ய ‘கவ் கிளிக்கர்’ செய்தார். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மாட்டைத் தட்டலாம், அவ்வளவுதான். காத்திருக்கப் பிடிக்காதவர்கள் காசும் கொடுக்கலாம். கேலியென்று தெரிந்தும் ஆயிரக்கணக்கானோர் மும்முரமாகத் தட்டினார்கள். போனில் இன்று நிறையப் பார்க்கிற ‘விளம்பரம் பார்த்தால் இரட்டிப்பு’ பொத்தானும் இதே வியாபாரம்தான்: முதலில் காத்திருப்பை உண்டாக்கு, பிறகு அதைக் குறைக்க விலை வை.

எர்லி ஆக்சஸ் என்பது வேலை முடியுமுன் திறந்துவிடுவது. வட சென்னைக்கு இது தெரியாததல்ல. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது. அதே தடத்தில் இருக்கும் திருவொற்றியூர் தேரடி நிலையமோ 2022 மார்ச்சில்தான் திறந்தது. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளம் 2013 மார்ச்சில் எர்லி ஆக்சஸ் முறையைக் கொண்டுவந்தது. மற்ற கேம்களில் முடியாத பகுதி கண்ணுக்குத் தெரியும்: கதவு திறக்காது, கதை பாதியில் நிற்கும். ஐடில் கேமில் அப்படி இல்லை. பின்பாதி இன்னும் எழுதப்படவில்லை என்றால், முன்பாதியை இழுத்து நீட்டினால் போதும். யாரும் வெற்றிடத்தை எட்ட மாட்டார்கள். விலைகளும் வேகங்களும் உத்தேசமாக வைத்தவை. ஆடுகிறவர்கள் எங்கே தேங்குகிறார்கள் என்று பார்த்துத்தான் மாற்றுவார்கள். அந்த மாற்றத்தில் உங்கள் வருமானம் பாதியாகலாம், சேர்த்தது மொத்தமும் அழிந்தும் போகலாம். எல்லாமே இப்படி ஆவதில்லை; ‘மெல்வோர் ஐடில்’ ஸ்டீமில் ஓராண்டுக்கு மேல் எர்லி ஆக்சஸ் நிலையில் இருந்து 2021-ல் ஒழுங்காக முழு வடிவம் பெற்றது.

இழுக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள ஒரு வகுத்தல் போதும். அடுத்து வாங்கப்போகும் பொருளின் விலையை, அது கூட்டித்தரும் வினாடி வருமானத்தால் வகுத்துப் பாருங்கள். நிமிடங்களில் இருந்த விடை ஒரே தாவலில் நாட்களுக்குப் போய், நடுவில் வேறு எந்த மேம்பாடும் கண்ணில் படவில்லை என்றால், அதற்கு மேல் இன்னும் எதுவும் செய்து வைக்கவில்லை என்று சந்தேகப்படலாம்.

காசு கொடுத்து வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால்தான் ஸ்டீம் பொதுவாகப் பணத்தைத் திருப்பித் தரும். ஐடில் கேமைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் கடிகாரம் ஓடும். முதல் இரண்டு மணி நேரமோ பொதுவாகக் கேம் விறுவிறுப்பாக ஓடும் நேரம். முட்டுச்சுவர் அதற்குப் பிறகுதான் வரும். போனில் நிலைமை இன்னும் மோசம். ப்ளே ஸ்டோரில் எர்லி ஆக்சஸ் நிலையில் உள்ள கேமுக்கு நீங்கள் எழுதும் கருத்து தயாரிப்பாளருக்கு மட்டும்தான் போகும்; அடுத்து டவுன்லோடு செய்கிறவர் கண்ணில் அது படாது.