உங்களுக்குத் தெரியுமா? இருகை வாளும் அடுக்கெஃகும்

அடுக்கடுக்கான எஃகில் அலை அலையாய் ரேகைகள் ஓடும்படி இன்றைய கைவினைஞர் சமைத்துத் தரும் ‘மத்தியகால’ இருகை வாளை, அக்காலத்து ஐரோப்பிய வீரன் பெரும்பாலும் அறிந்திரான்! வெவ்வேறு இரும்புகளை முறுக்கி ஒன்றாய்ப் பற்றவைத்து அலகு ஆக்கும் அந்த வித்தை, இங்கிலாந்தின் சட்டன் ஹூ புதையலில் கிடைத்த 7-ஆம் நூற்றாண்டு வாளில் அற்புதமாய்ப் பிரகாசித்து, 11-ஆம் நூற்றாண்டிற்குள் ஏறக்குறைய வழக்கொழிந்தது. இரு கரங்களாலும் பற்றி வீசும் நீள்வாளோ 13, 14-ஆம் நூற்றாண்டுகளிலேதான் பரவலாயிற்று.

• அந்த நீள்வாள் நாம் கற்பனை செய்வதுபோல் பெரும் பாரமன்று. சாதாரணமாக 1 முதல் 2 கிலோகிராம்தான். மிகக் கனத்தவை ஊர்வல அலங்காரத்திற்கென்றே செய்யப்பட்டவை.

• இன்றைய கொல்லர், நிக்கல் கலந்த எஃகையும் கலவாத எஃகையும் மாற்றி மாற்றி அடுக்கி, உலையில் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் ஒன்றாக்கி, நீட்டி மடிக்கிறார். 7 தகடுகள் ஐந்தே மடிப்பில் 224 அடுக்குகளாகின்றன! அமிலத்தில் தோய்த்ததும் நிக்கல் அடுக்கு வெள்ளியென மின்ன, மற்றது கருக்கிறது.

• இந்த அடுக்கெஃகை ‘டமாஸ்கஸ்’ என்று அழைப்பினும், மேற்காசியாவில் அப்பெயரால் புகழ்பெற்ற வாள்கள் வேறு ஜாதி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூடிய மண்மூசையில் உருக்கிய எஃகுக் கட்டிகள் அவற்றிற்கு மூலப்பொருளாயின. அவற்றின் ரேகை மடிப்பினால் வந்ததன்று, உலோகத்தின் உள்ளிருந்தே விளைந்தது.