மூச்சுவழித் தொற்றும் மக்கள் பழக்கமும்

ஏரி நீர் ஆயக்கட்டு எங்கும் ஒரே சீராகப் பரவுவதில்லை. வாய்க்கால் உள்ள வழியிலேயே அது செல்கிறது. மடை திறந்துள்ள வயலே முதலில் நனைகிறது. சளிக்காய்ச்சல், காசநோய், கொரோனா முதலிய மூச்சுவழித் தொற்றுகளும் இத்தகையனவே. மக்கள் ஒருவரோடொருவர் பழகும் வழிகளே அவற்றின் வாய்க்கால்கள். நோய் என்று கேட்டவுடன் அஞ்சி எல்லாக் கதவுகளையும் அடைத்தலும், எதையும் பொருட்படுத்தாதிருத்தலும் பயன் தாரா. எந்த மடையை அடைத்தல் வேண்டும் என்று அறிதலே நம் கடமை.

எல்லாச் சந்திப்பும் ஒன்றல்ல

நோயுற்றவர் இருமும்போதும், தும்மும்போதும், பேசும்போதும் கண்ணுக்குப் புலனாகாத நுண்துளிகள் வெளிப்படுகின்றன. திறந்த வெளியில் காற்று அவற்றைக் கலைத்துவிடுகிறது. சன்னல் அடைத்த அறையிலோ அவை நெடுநேரம் தங்குகின்றன. ஆகவே, வரப்பில் எதிர்ப்பட்டு நலம் விசாரித்துச் செல்பவரைவிட, ஒரே அறையில் இரவெல்லாம் உறங்குபவருக்கே தொற்றும் வாய்ப்பு மிகுதி. எத்தனை பேரைச் சந்தித்தோம் என்பதோடு, எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு நேரம், எத்தகைய இடத்தில் என்பனவற்றையும் கணக்கிற் கொள்ள வேண்டும்.

இக்கணக்கை ஆராய்ச்சியாளர் முறையாக எடுத்துப் பார்த்துள்ளனர். ஐரோப்பாவின் எட்டு நாடுகளில் 7,290 பேர், தாம் ஒரு நாளில் யார் யாரைச் சந்தித்தனர் என்பதைக் குறிப்பேட்டில் எழுதினர். 2008-ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவின்படி, மக்கள் பெரும்பாலும் தம் வயதினரோடே பழகுகின்றனர். பள்ளிப் பிள்ளைகளிடம் இவ்வியல்பு மிகுதி. அன்றாடம் நிகழும் சந்திப்புகளும், ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட சந்திப்புகளும் பெரும்பாலும் தொட்டுப் பழகுவனவாகவே இருந்தன.

நம் மாநிலத்துச் சான்று

2020-ஆம் ஆண்டில் கொரோனா பரவியபோது, தமிழ்நாட்டிலும் ஆந்திரப் பிரதேசத்திலும் சுகாதாரப் பணியாளர் நோயுற்றோரின் தொடர்பினரைத் தேடிச் சென்று சோதித்தனர். நோயுற்ற 84,965 பேரோடு தொடர்புற்ற 5,75,071 பேரைப் பற்றிய விவரங்கள் ஆராயப்பட்டன. நெருக்கமற்ற தொடர்பினரில் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பேருக்கும், நெருங்கிய தொடர்பினரில் நூற்றுக்கு ஏறக்குறைய 11 பேருக்கும் நோய் தொற்றியிருந்தது. ஒத்த வயதினரிடையே தொற்று மிகுந்திருந்தது. நோயுற்றோரில் பத்தில் ஏழு பேரின் தொடர்பினரிடம் தொற்றே காணப்படவில்லை. சிலரின் வழியாகவே பலருக்கு நோய் சென்றது. எனவே, பலர் நெருங்கி நெடுநேரம் கூடும் அடைத்த இடங்களைக் கவனித்தாலே பெரும்பயன் விளையும் என்பது தெளிவு.

ஒதுக்குதல் மருந்தாகாது

காசநோயைப் பற்றி இன்னும் ஓர் அச்சம் நம் ஊர்களில் நிலவுகிறது. நோயாளிக்குத் தனித் தட்டு வைப்பர். திண்ணையிலோ மாட்டுக் கொட்டகையிலோ படுக்க வைப்பர். அவர் வீட்டுப் பெண்ணைக் கொள்ளத் தயங்குவர். இதற்கு அஞ்சியே பலர் இருமலை மறைக்கின்றனர். மறைக்கும் ஒவ்வொரு மாதமும் உடனுறைவோருக்கே கேடு.

இதற்குச் சென்னையிலேயே விடை கண்டுள்ளனர். 1956-ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிய ஆராய்ச்சியில், காசநோயாளிகளில் ஒரு சாராரை மருத்துவ விடுதியில் வைத்தும், மற்றொரு சாராரை அவரவர் வீட்டிலேயே விட்டும் ஓராண்டு மருந்து கொடுத்தனர். வீட்டிலிருந்தோர் ஏழைகள், நெருக்கமான வீடுகளில், குறைந்த உணவோடு வாழ்ந்தவர்கள். எனினும், குணமடைந்தோர் தொகையில் பெரிய வேறுபாடு இல்லை. இரு சாராரின் குடும்பத்தினரையும் ஐந்தாண்டுகள் கவனித்து வந்தனர். நோயாளியை வீட்டில் வைத்திருந்த குடும்பங்களில் நோய் மிகுதியாகத் தோன்றவில்லை. மருந்து தொடங்குவதற்கு முன் கழிந்த நாட்களிலேயே பெரும்பாலும் தொற்று நிகழ்ந்துவிடுகிறது என்பதே இதன் பொருள். அடைக்க வேண்டிய மடை இதுவே: இருமல் தொடங்கிய நாளுக்கும் மருந்து தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தைக் குறுக்குதல் வேண்டும்.

ஊராட்சி செய்யத்தக்கவை

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் உள்ளவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிச் சளியைச் சோதிக்கச் செய்தல் வேண்டும். சோதனைக்கும் மருந்துக்கும் அங்குக் கட்டணமில்லை. சத்துணவுக்கென மாதந்தோறும் உதவித்தொகை வழங்கும் திட்டமும் 2018 முதல் நடைபெறுகிறது. நோய் உறுதியானால் வீட்டிலுள்ள குழந்தைகள் உட்பட அனைவரையும் சோதிக்க வேண்டும். நோய் இல்லாதோருக்கும் தடுப்பு மருந்து தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். நலமடைந்ததாகத் தோன்றினும் மருந்தை இடையில் நிறுத்தலாகாது.

பள்ளி, அங்கன்வாடி, ஊராட்சி அலுவலகம் ஆகியவற்றின் சன்னல்களைத் திறந்து வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை. புதிய கட்டடங்களில் எதிரெதிர்ச் சுவர்களில் சன்னல் அமைக்குமாறு வற்புறுத்தலாம். காய்ச்சல் பரவும் நாட்களில் கிராம சபையை மரநிழலில் கூட்டலாம். வேலைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வேன்களின் கண்ணாடிகளைத் திறந்து வைக்கச் சொல்லலாம். இருமுவோர் முகக்கவசம் அணியவும், காய்ச்சலுற்ற பிள்ளைகள் சில நாள் வீட்டிலிருக்கவும் அறிவுறுத்தலாம். முதியோர் உறங்கும் அறையில் காற்றோட்டம் இருத்தல் மிக முக்கியம்.

இவற்றோடு உறுப்பினர் ஒவ்வொருவரும் செய்யத்தக்கது இன்னும் ஒன்று உண்டு. காசநோய் கண்டவரின் வீட்டுத் திண்ணையில் சற்று அமர்ந்து, "மருந்து தவறாமல் உண்கிறீர்களா?" என்று கேட்டு வருதல் வேண்டும். திறந்த திண்ணையில் சற்று நேரம் பேசுவதால் பெரிய அபாயமில்லை. ஊர்த் தலைவரே தம் வீட்டுக்கு வருவதைக் காணும் நோயாளிக்கு நோயை மறைக்கும் எண்ணம் தோன்றாது. பார்த்து நிற்கும் அண்டை வீட்டாரும் தம் இருமலை மறைக்கமாட்டார்கள்.