கால் சொல்றதைக் கேளுங்க... அப்புறம் பெடல் வாங்குங்க!

"ஏங்க, சைக்கிளோட காலைச் சேர்த்துப் பூட்டிக்கப் போறீங்களா? விழுந்து வெச்சா யார் பார்க்கறது?"

ரோடு பைக் வாங்கிய கணவர், அடுத்ததாக 'கிளிப்லெஸ் பெடல்' என்று ஆரம்பித்தால், வீட்டில் வரும் முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி! ஆம்பூர் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு, அதைக் கரைக்க சைக்கிள் மிதிப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் பெடலைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் கரைவது கொழுப்பல்ல... முழங்கால்!

பேர்தான் கிளிப்லெஸ்... ஆனா பிடிக்கும்!

அந்தக் காலப் பந்தய சைக்கிள்களில் பெடல் மேல் ஒரு கம்பிக் கூண்டு இருக்கும். அதற்குள் காலை நுழைத்துத் தோல் வாரால் இறுக்கிக் கொள்வார்கள். அந்தக் கூண்டுக்குத்தான் 'கிளிப்' என்று பெயர். பனிச்சறுக்குக் காலணிக்கான பூட்டுகள் செய்த பிரான்சின் 'லுக்' நிறுவனம், அதே உத்தியை 1984-ல் பெடலுக்குக் கொண்டு வந்தது. மறுவருடமே பெர்னார் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை ஜெயிக்க, கூண்டு காணாமல் போனது. கூண்டு இல்லாததால் 'கிளிப்லெஸ்'. ஷூவின் அடியில் திருகும் 'கிளீட்' என்ற சின்னக் கட்டை, பெடலில் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விடுபடும். அவ்வளவுதான்!

'இதைப் போட்டா சைக்கிள் பறக்குமா?' என்று கேட்காதீர்கள். ஒரே சீராக மிதிக்கும்போது பெரிய லாபம் எதுவும் கிடையாது. மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போதும், மழையிலும் கால் வழுக்காது. அதுதான் உண்மையான லாபம்.

முதலில் ஷூ!

தோலும் காலணியும்தான் ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடியின் வாழ்க்கை. தோல் ஷூ போகப் போகக் காலுக்குத் தகுந்தபடி இளகிக் கொடுக்கும் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் சைக்கிள் ஷூவின் அடிப்பாகம் கெட்டியான பிளாஸ்டிக் அல்லது கார்பன். அது வளையாது, இளகாது. 'போட்டா சரியாயிடும்' என்ற கணக்கு இங்கே செல்லாது!

அதனால் பெடலுக்கு முன்னால் ஷூவை வாங்குங்க. பாதம் லேசாக வீங்கியிருக்கும் சாயந்திர நேரத்தில், சாக்ஸ் போட்டுக்கொண்டு, இரண்டு காலிலும் மாட்டிப் பாருங்க. பாதத்தின் அகலமான இடத்தை நெரிக்கக் கூடாது, விரல்கள் அசையணும். ஷூவின் அடியில் இரண்டு திருகாணிக்கு இடமா, மூன்றுக்கா என்று பாருங்க. அதற்குப் பொருந்தும் பெடலைத்தான் வாங்க முடியும்.

இரண்டா... மூன்றா?

மூன்று திருகாணி கிளீட் பெரியது, காலுக்கு நல்ல பிடிமானம் தரும். ஆனால் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். டீக்கடை வாசலில் வாத்து நடைதான்; வீட்டு டைல்ஸில் நடந்தால் வழுக்கும். இரண்டு திருகாணி கிளீட் சின்னது. பெரும்பாலும் ஷூவின் குழிக்குள் அடங்கிவிடும், நடக்கலாம்.

ஆடு குறுக்கே வரும், ஷேர் ஆட்டோ திடீரென்று நிற்கும் நம் சாலைகளில் அடிக்கடி கால் ஊன்றவேண்டி இருக்கிறது. ஆகவே புதியவர்களுக்கு இரண்டு திருகாணி வகையே நல்லது. ஒரு பக்கம் சாதாரண பெடல், மறுபக்கம் பூட்டு என்று அமைந்தவையும் உண்டு. செருப்போடு கடைத்தெருவுக்கும் போகலாம்!

முழங்காலுக்கு இடம் கொடுங்க!

வேலூரிலிருந்து ஆம்பூர் சுமார் 50 கிலோமீட்டர். இரண்டு மணி நேரம், நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் ஒவ்வொரு முழங்காலும் 9,600 தடவை மடங்கி நீள்கிறது. கிளீட் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அத்தனை தடவையும் மூட்டு முறுக்கப்படும் அல்லவா?

இதற்காகவே பூட்டிய நிலையிலும் குதிகால் இப்படி அப்படி அசைய இடம் விட்டிருப்பார்கள். இதை 'ஃப்ளோட்' என்பார்கள். ஷிமானோவின் மூன்று திருகாணி வகையில் மஞ்சள் கிளீட் 6 டிகிரி அசையும், நீலம் 2 டிகிரி, சிவப்பு அசையவே அசையாது. பந்தய வீரர் சிவப்பு போடுகிறார் என்று நீங்களும் போட வேணாம். மஞ்சளில் ஆரம்பியுங்க.

ஸ்பிரிங்கை முதலில் நன்றாகத் தளர்த்தி வையுங்க. சுவரைப் பிடித்துக்கொண்டு ஐம்பது தடவை மாட்டி, கழற்றிப் பழகிய பிறகே தெருவுக்கு! நிற்பதற்கு முன்பே ஒரு காலை விடுவித்துவிட வேண்டும். விரல் மரத்தால் ஷூவைத் தளர்த்தி, கிளீட்டைக் கொஞ்சம் பின்னே நகர்த்துங்க. முழங்கால் வலி விடாமல் தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்க.

வலி எதிரி இல்லை!

சர்க்கரை நோய் உள்ளவர்களே, இது உங்களுக்கு. நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், கெட்டியான ஷூ அழுத்துவதும் உரசுவதும் தெரியாது. புண் வந்த பிறகுதான் தெரியும்.

இந்தப் பாடத்தை உலகத்துக்குச் சொன்னதில் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் சிதைவதற்கு முக்கியக் காரணம் வலி தெரியாமல் போவதே என்று எடுத்துக் காட்டினார். அவர்களுக்கு மெத்தென்ற ரப்பர் உள்ளடி வைத்த செருப்புகள் தயாராயின. அதே அறிவு பிற்பாடு சர்க்கரை நோயாளிகளின் பாதத்தையும் காப்பாற்ற உதவியது.

எனவே பாதத்தில் எரிச்சல், மதமதப்பு இருந்தால் டாக்டரிடம் உணர்ச்சியைப் பரிசோதித்துக்கொண்டு, அவர் சரி என்றால் மட்டுமே பெடலைப் பற்றி யோசியுங்க. இல்லையா, அகலமான சாதாரண பெடலே போதும். உடற்பயிற்சியின் பலன் ஒன்றும் குறைந்துவிடாது!

கடைசியாக வீட்டம்மாவுக்கு ஒரு வார்த்தை. அவர் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்ததும் காபி கொடுக்கும் முன், "இரண்டு பாதத்தையும் காட்டுங்க" என்று கேளுங்கள். எங்காவது சிவந்திருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கால் சொல்லாததைக் கண் சொல்லிவிடும்!